குடும்பமாகக் கூடி ஆப்பிள் சைடர் பிழிவது எப்படி

வீட்டில் பிழியும் ஆப்பிள் சைடர் நன்றாக அமைவதும் அமையாததும், பழங்களைக் கொட்டித் தரம்பிரிக்கும் மேசையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். ஒரு பழத்தைக் கடித்துத் தின்னும்போது அதிலுள்ள அழுகல் தின்பவர் ஒருவரை மட்டுமே பாதிக்கும். பிழியும்போது நூறு பழங்களின் சாறு ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுவதால், கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு பழத்தின் குறை வீட்டிலுள்ள அத்தனை பேரின் குவளைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. குடும்பமாகச் சேர்ந்து செய்வதற்கு இந்த வேலை மிகவும் ஏற்றது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்: தரம்பிரிக்கும் மேசைக்குத் தேவைப்படுவது உடல் வலிமையைவிடப் பல கண்களும் பொறுமையுமே. அவை சிறு பிள்ளைகளிடமும் உண்டு, தாத்தா பாட்டியிடமும் உண்டு.

இங்கே சைடர் என்று குறிப்பிடுவது புளிக்க வைக்காத, தெளிய வடிகட்டாத புதுச் சாற்றை மட்டுமே. அதைப் புளிக்க வைத்து மதுவாக்குவது தனிக்கலை. அதற்கான சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அதற்குள் நாம் போகவில்லை.

எவ்வளவு பழம் வேண்டும்?

ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நீர்தான் என்றாலும், அந்த நீர் முழுவதும் கோடிக்கணக்கான நுண்ணறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அவற்றுள் எத்தனை அறைகளை நம்மால் உடைக்க முடிகிறதோ அவ்வளவு சாறுதான் வெளியே வரும். திருகு வைத்த சாதாரண வீட்டுப் பிழிபொறியில் 10 கிலோ பழத்துக்கு 5 முதல் 6 லிட்டர் வரை கிடைப்பதே இயல்பு. முதல் தடவை செய்பவர்கள் 20 கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. நான்கைந்து பேர் சேர்ந்தால் அரை நாளில் அதைக் கழுவி, துருவி, பிழிந்துவிடலாம். ஆனால் அதன்பின் 10 லிட்டருக்கும் மேற்பட்ட சாற்றைச் சூடாக்கவும், ஆற்றவும், குளிர்ச்சியில் வைக்கவும் வேண்டியிருக்கிறது. பிழிவதற்கு முன் குளிர்பதனப் பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்பப் பழம் வாங்குங்கள்.

எந்தப் பழம், எந்தப் பதத்தில்?

ஒரே வகைப் பழத்தைப் பிழிந்தால் கிடைக்கும் சாறு பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். வெறும் இனிப்பாக, அல்லது வெறும் புளிப்பாக. நல்ல சைடரில் நான்கு குணங்கள் சேர வேண்டும். இனிப்பு அடித்தளமாக இருக்க வேண்டும். ஃபூஜி, காலா, கோல்டன் டெலீஷியஸ், ரெட் டெலீஷியஸ் ஆகியவை அதைத் தரும். அந்த இனிப்பு நாக்கில் திகட்டாமல் தடுப்பது புளிப்பு. கிரானி ஸ்மித், ஜோனத்தன், பிராம்லி ஆகியவை அதற்கு உரியவை. மணத்துக்கு மெக்கிண்டாஷ், காக்ஸ் போன்றவை கைகொடுக்கும். நான்காவதாக, குடித்து முடித்த பின்னும் வாயில் சற்று நேரம் தங்கி நிற்கும் மெல்லிய துவர்ப்பு. கடைகளில் விற்கும் பழங்களில் இது மிகக் குறைவு. சிறிய காட்டு ஆப்பிள்களில்தான் இது நிறைந்திருக்கிறது. மொத்தப் பழத்தில் பாதியளவு இனிப்பு வகையும், மூன்றில் ஒரு பங்கு புளிப்பு வகையும், மீதியில் மணமுள்ளதும் துவர்ப்புள்ளதும் என்று தொடங்கினால் பெரும்பாலும் பிழை நேராது. காட்டு ஆப்பிள் கிடைத்தால் அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துவர்ப்பு மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

விகிதத்தைத் தாளில் கணக்கிடுவதைவிட நாக்கால் கணிப்பதே மேல் என்பது என் கருத்து. கழுவிய பழங்களை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, வகைவாரியாகத் தட்டுகளில் வைத்து, வீட்டிலுள்ள எல்லோரையும் சுற்றி உட்கார வையுங்கள். இரண்டு வகைத் துண்டுகளை ஒருசேர வாயிலிட்டு மென்றால் அவை இரண்டும் கலந்த சாறு எப்படி இருக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். இனிப்பில் இரண்டு துண்டு, புளிப்பில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எது வேண்டும், எது வேண்டாம் என்று பிள்ளைகள் தயங்காமல் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு கலவையை முடிவு செய்தால், பிறகு வரும் சாறு அவர்களுடையதாகவே ஆகிவிடுகிறது. சர்க்கரை சேர்த்துச் சுவையைச் சரிசெய்யும் எண்ணமே வேண்டாம். இனிப்பு போதவில்லை என்றால் இனிப்புப் பழத்தைக் கூட்டினால் போதும்.

பழத்தின் முதிர்ச்சி வகையைப் போலவே முக்கியமானது. காயாக இருக்கும் ஆப்பிளில் மாவுச்சத்து மிகுந்திருக்கும். முதிர முதிர அது சர்க்கரையாக மாறுகிறது. ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தில் நீர்த்த அயோடின் கரைசலைத் தடவினால் மாவுச்சத்து உள்ள இடமெல்லாம் கருநீலமாக மாறும். பெரும்பகுதி நிறம் மாறாமல் இருந்தால் பழம் முதிர்ந்துவிட்டது என்று பொருள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கண்முன் நடக்கும் பாடம். ஆனால் அயோடின் தடவிய பழத்தைத் தின்னவோ பிழியவோ கூடாது, எறிந்துவிட வேண்டும். அயோடின் இல்லாதவர்கள் விதையைப் பார்க்கலாம்: அது வெளுப்பாக இருந்தால் காய், கரும்பழுப்பாக இருந்தால் பழம்.

மரத்திலிருந்து பறித்தவுடன் பிழிவதைவிட, குளிர்ந்த, காற்றோட்டமுள்ள, நிழலான இடத்தில் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை வைத்திருந்து பிழிவது நல்லது. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் குழி விழும் பதம் வந்ததும் பிழிந்துவிட வேண்டும். அந்த நாள்களில் எஞ்சிய மாவுச்சத்தும் இனிப்பாகிவிடும், சதையும் எளிதில் துருவுப்படும். அதையும் தாண்டி மாவுமாவாகிப்போன பழம் பிழிபொறியில் குழைந்து துணியின் கண்களை அடைத்துவிடும். சாறும் கலங்கலாகக் கொஞ்சமே வரும்.

மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழங்களைச் சேர்க்கக் கூடாது. இதில் நான் எந்த விலக்கும் சொல்வதற்கில்லை. தரையில் ஆடு, மாடு, மான், பறவைகள் ஆகியவற்றின் எச்சங்கள் படிந்திருக்கலாம். விழுந்த அடியில் தோல் கிழிந்திருந்தால் அந்தக் கிருமிகள் உள்ளே போய்விடும், எவ்வளவு கழுவினாலும் வெளியே வராது.

கருவிகள்

தேவையானவை மூன்று: பழத்தை நொறுக்க ஒன்று, பிழிய ஒன்று, பிழிதுணி ஒன்று. நொறுக்குவதற்குக் கையால் சுற்றும் துருவுபொறியோ மின்விசையால் ஓடுவதோ இருக்கலாம். பிழிபொறிகளில் பரவலாகக் காணப்படுவது, மரச்சட்டங்களை இடைவெளி விட்டு வட்டமாக அடுக்கிய கூடையும் நடுவே திருகும் உள்ள வகை. தண்ணீர்க் குழாயோடு இணைத்தால் உள்ளிருக்கும் ரப்பர் பை உப்பிப் பழத்தைச் சுற்றிலும் நசுக்கும் வகை ஒன்றும் உண்டு. அதற்குக் கைவலிமை தேவையில்லை, முதியவர்களும் எளிதாக இயக்கலாம். வண்டிகளைத் தூக்கும் ஜாக்கியை வைத்துச் சிலர் தாங்களே பிழிபொறி செய்துகொள்கிறார்கள். பல டன் விசை செலுத்தும் அந்தப் பொறியின் சட்டம் பலமில்லாமல் இருந்தால் தெறித்து உடையும் ஆபத்து உண்டு என்பதால், பிள்ளைகள் சுற்றி நிற்கும் இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாறு படும் எல்லாப் பாகங்களும் எவர்சில்வர், மரம், உணவுக்கேற்ற பிளாஸ்டிக் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்க வேண்டும். இரும்பு, செம்பு, அலுமினியம், துத்தநாகம் பூசிய தகரம் ஆகியவை வேண்டாம். ஆப்பிள் சாற்றின் அமிலம் அந்த உலோகங்களைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்ளும். துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து சாற்றைக் கறுக்கவும் செய்யும். எனாமல் பாத்திரத்தில் பூச்சு உதிர்ந்திருந்தால் அதையும் விலக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் முதல் நாளே சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவி, பிழியும் நாள் காலையில் கிருமிநீக்கம் செய்துகொள்ள வேண்டும். 4 லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி என்ற அளவில் மணமற்ற வீட்டுப் பிளீச் திரவத்தைக் கலந்து, அதில் சில நிமிடங்கள் நனைத்து, பின்னர் நல்ல தண்ணீரில் அலசிவிடலாம். பிழிதுணியை மணமுள்ள சலவைத்தூளில் துவைக்கக் கூடாது. அந்த மணம் துணியிலிருந்து நேரே சாற்றுக்குப் போய்விடும்.

தரம்பிரிக்கும் மேசை

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் பெரிய மேசையைப் போட்டு, பழங்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழங்களை மூன்று கூடைகளாகப் பிரிக்கலாம்: அப்படியே எடுத்துக்கொள்பவை, கத்தி வைத்துச் சீர்செய்ய வேண்டியவை, எறிய வேண்டியவை.

தோலில் உள்ள சொறி, நிறமாற்றம், கோணல் வடிவம் ஆகியவை சாற்றைக் கெடுப்பதில்லை. அழகில்லாத பழம் என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டாம். அண்மையில் கன்றிப்போன சிறு இடங்களை வெட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் அழுகலோ பூஞ்சணமோ தெரிந்தால், அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும் சிக்கனம் இங்கே உதவாது. முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள். அழுகும் ஆப்பிளில் வளரும் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்னும் நீலப்பூஞ்சை, பாட்டுலின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. அது அழுகிய இடத்தைச் சுற்றியுள்ள நல்ல சதைக்கும் பரவியிருக்கலாம். பின்னால் சாற்றை எவ்வளவு கவனமாகச் சூடாக்கினாலும் கிருமிகள் அழியுமே தவிர, இந்த நச்சு அழியாது. ஆப்பிள் சாற்றில் இதன் அளவு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் விதி வகுத்துள்ளன. வீட்டில் அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை; அழுகிய பழத்தை உள்ளே விடாமல் இருப்பது ஒன்றே வழி.

வெளியே மாசுமறுவில்லாமல் இருக்கும் பழத்திலும் நடுவில் பூஞ்சணம் இருக்கலாம். காம்புக்கு எதிரேயுள்ள பூவடிப் பக்கம் திறந்தபடி இருக்கும் வகைகளில் இது அடிக்கடி நேர்கிறது. எனவே ஒவ்வொரு பழத்தையும் இரண்டாக வெட்டி விதையறையைப் பார்த்த பிறகே துருவுபொறிக்கு அனுப்ப வேண்டும். முழுப் பழத்தையும் விழுங்கும் பொறி வைத்திருப்பவர்கள் இதை வீண்வேலை என்பார்கள். எனக்கோ, மொத்த வேலையில் இதைவிடப் பயனுள்ள நேரம் வேறில்லை என்று தோன்றுகிறது. புழு துளைத்த பழத்தில் அந்தத் துளையின் வழியே பூஞ்சணம் போயிருக்கிறதா என்பதும் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கழுவுவதற்கு ஓடும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். சோப்பு வேண்டாம், ஏனெனில் தோல் அதை ஈர்த்துக்கொள்ளும். காம்புக்குழியும் பூவடிக்குழியும் அழுக்குத் தங்கும் இடங்கள் என்பதால் அங்கே கூடுதலாகத் தேய்க்க வேண்டும். தண்ணீர் பழத்தைவிட ஐந்தாறு பாகை சூடாக இருப்பது நல்லது. வெயிலில் இருந்த பழத்தைக் குளிர்ந்த நீரில் மூழ்கடித்தால், பழத்துக்குள் இருக்கும் காற்று சுருங்கி, வெளியே உள்ள அழுக்குநீரைப் பூவடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

யார் எதைச் செய்வது என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். நான்கைந்து வயதுப் பிள்ளைகள் கழுவும் தொட்டியருகே மகிழ்ச்சியாக நிற்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தரம்பிரிக்கலாம். எதை எறிய வேண்டும் என்பதை ஒரு முறை காட்டிக் கொடுத்தால் பெரியவர்களைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள். கத்தி வேலையைப் பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் கொடுங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ளவர் அன்று பழத்தையும் பாத்திரத்தையும் தொடக் கூடாது. மற்ற எல்லோரும் சோப்பால் கை கழுவிவிட்டே மேசைக்கு வர வேண்டும்.

துருவுதல்

பழத்துண்டுகள் 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுக்கு நொறுங்க வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் நுண்ணறைகள் உடையாமல் சாறு உள்ளேயே தங்கிவிடும். மிக்சியில் போட்டு விழுதாக்கிவிட்டாலோ, விழுது துணியின் கண்களை அடைத்துக்கொண்டு எவ்வளவு திருகினாலும் இறங்காது. துருவுபொறி இல்லாமல் மிக்சியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், விதையறையை நீக்கிவிட்டு, விட்டு விட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். கத்திகள் விதைகளை உடைத்தால் சாற்றில் கசப்பு ஏறும். சயனைடைத் தரவல்ல அமிக்டலின் என்னும் பொருளும் விதைகளில் இருக்கிறது. கைத்துருவுபொறியில் பெரும்பாலான விதைகள் உடையாமல் வெளியேறிவிடுவதால் அங்கே இந்தக் கவலை பெரிதில்லை.

பொறியே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பழங்களை நான்காக வெட்டி, விதையறை நீக்கி, ஃப்ரீசரில் ஒரு நாள் முழுவதும் கல்லாக உறையவிட்டு, பின்னர் குளிர்பதனப் பெட்டியிலேயே உருக விடுங்கள். உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் நுண்ணறைகளின் சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகிய துண்டுகள் கையால் அழுத்தினாலே சாற்றை விட்டுவிடும். கொஞ்சம் பழத்தோடு தொடங்கிப் பார்க்க விரும்பும் குடும்பத்துக்கு இது மிக எளிய வழி.

மின்விசைத் துருவுபொறியைப் பெரியவர் ஒருவர் மட்டுமே இயக்க வேண்டும். பழத்தை உள்ளே தள்ள மரக்கட்டையைப் பயன்படுத்த வேண்டுமே அல்லாமல், எந்த நிலையிலும் கையை விடக் கூடாது. நீண்ட கூந்தலை முடிந்துகொண்டு, தொங்கும் துப்பட்டாவையும் சால்வையையும் கழற்றி வைத்துவிடுவது அவசியம். பொறி அடைத்துக்கொண்டால் முதலில் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

துருவல் வெளியே வந்த சில நிமிடங்களில் பழுப்பாக மாறத் தொடங்கும். பழத்திலுள்ள நொதி ஒன்று காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. சைடரின் பொன்பழுப்பு நிறம் அதிலிருந்தே வருகிறது. வெளிர்நிறச் சாறுதான் வேண்டும் என்பவர்கள் துருவலில் சிறிது வைட்டமின் சி தூளைத் தூவி உடனே பிழியலாம்.

பிழிதல்

பிழிபொறியை அசையாத சமதளத்தில் வைத்து, முடிந்தால் கனமான பலகையில் முடுக்கிவிடுங்கள். கைப்பிடியைச் சுற்றும் வேகத்தில் அது சாயக் கூடாது. கூடைக்குள் பிழிதுணியை விரித்து, துருவலைப் போட்டு, துணியின் ஓரங்களை மேலே மடித்து மூடி, அதன்மேல் அழுத்துபலகையை வையுங்கள். கூடையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். திருகைத் தொடுவதற்கு முன்பே துருவலின் சொந்த எடையால் சாறு ஒழுகத் தொடங்கியிருக்கும்.

திருகும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். சாறு வருவதைக் கண்டு உற்சாகமாகி ஒரேயடியாக இறுக்கினால், துருவலின் வெளிப்பகுதி கெட்டியாகி, நடுவிலிருக்கும் சாறு வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். மேலும் திருகினால் சாறு பக்கவாட்டில் பீறிட்டு அடிக்கும், அல்லது துணி கிழியும். கைக்கு எதிர்ப்புத் தெரியும் வரை திருகிவிட்டு நிறுத்துங்கள். ஓட்டம் குறைந்து சொட்டுச் சொட்டாக ஆகும் வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து, பிறகு கால் சுற்று மட்டும் திருகிவிட்டு மறுபடியும் காத்திருங்கள். ஒரு கூடையைப் பிழிய 20 முதல் 30 நிமிடம் ஆவது இயல்பு. ஆளுக்குக் கால் சுற்று என்று வரிசை வைத்தால், பிள்ளைகளுக்கும் கைப்பிடி கிடைக்கும், திருகுக்கும் தேவையான ஓய்வு கிடைக்கும். இந்த வேலையின் தாளமே பல பேர் மாறி மாறிச் செய்வதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது.

துருவலை ஒரே மொத்தையாகப் போடுவதைவிட, தனித்தனித் துணிகளில் 5 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக மடித்து, அடுக்குகளுக்கு இடையே மரச்சட்டத் தட்டுகளை வைத்தால் சாறு கூடுதலாக வரும். எந்த இடத்திலிருந்தும் சாறு வெளியேறக் கடக்க வேண்டிய தூரம் அப்போது இரண்டு மூன்று சென்டிமீட்டரே. ஓட்டம் முற்றிலும் நின்றதும் திருகைத் தளர்த்தி, சக்கையைக் கிளறிவிட்டு, மீண்டும் ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம். கையால் பிசைந்தால் ஈரம் கசியாமல் உதிரும் சக்கை, வேலை சரியாக முடிந்ததைக் காட்டும்.

இனிப்பு மணத்துக்குக் குளவிகளும் ஈக்களும் தேடி வரும். குளிர்ச்சியான காலை நேரத்தில் பிழிவது, சாறு விழும் பாத்திரத்தை மெல்லிய துணியால் மூடி வைப்பது, சக்கையை உடனுக்குடன் மூடியுள்ள வாளிக்கு மாற்றித் தொலைவில் வைப்பது ஆகிய மூன்றும் உதவும். வீட்டில் யாருக்காவது குளவிக்கடி ஒவ்வாமை இருந்தால், அவரைத் திறந்த வெளியில் உள்ள பிழிபொறிக்கு அருகே நிறுத்தாமல், வீட்டுக்குள் நடக்கும் கலவை, நிரப்பல் வேலைகளில் ஈடுபடுத்துங்கள்.

சூடாக்குதல்

பிழிபொறியிலிருந்து விழும் சாற்றை அப்படியே குவளையில் பிடித்துக் குடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசையைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆப்பிள் சாறு புளிப்பானது, அதன் அமிலமே கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் O157:H7 என்னும் வகை அந்த அமிலத்தைத் தாங்கி நிற்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த சாற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். 1996இல் சூடாக்காத ஆப்பிள் சாற்றின் வழியே பரவிய இந்தக் கிருமியால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பலர் நோயுற்றனர். ஒரு குழந்தை இறந்தது. அதன் பின்னர்தான், 1998இல், சூடாக்காத சாற்றுப் புட்டிகளில் எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆணையிட்டது. சிறு பிள்ளைகளுக்கும், முதியவர்களுக்கும், கருவுற்றவர்களுக்கும், நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இந்தக் கிருமி சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம். குடும்பமாகக் குடிக்கும் சாறு என்றால், அவர்களுள் ஒருவராவது அந்தக் குடும்பத்தில் இருப்பார்.

அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் சாற்றை ஊற்றி, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே 71 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் சூடேற்றி, அந்த நிலையில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் போதும். வெப்பமானி சிறிது பிசகினாலும் குறைந்துவிடாதபடி 75 பாகையை இலக்காக வைப்பது பாதுகாப்பானது. சமையலுக்கான வெப்பமானி கட்டாயம் வேண்டும். ஆவி வருகிறது, ஓரத்தில் குமிழி வருகிறது என்று கண்மதிப்பில் முடிவெடுக்கக் கூடாது. பனிக்கட்டி உருகும் நீரில் அது 0 காட்டுகிறதா என்று முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். சூடேறும்போது மேலே திரளும் பழுப்பு நுரையைக் கரண்டியால் எடுத்துவிடலாம். கொதிக்க விட்டால் சமைத்த பழத்தின் சுவை வந்துவிடும், புதுச்சாற்றின் மணம் போய்விடும். 75 பாகையில் அந்த இழப்பு மிகக் குறைவு. பட்டையும் கிராம்பும் விரும்புகிறவர்கள் துணியில் முடிந்து ஒரு சிறு பாத்திரத்தில் மட்டும் போட்டுச் சூடாக்கிக் குடிக்கலாம். மொத்தச் சாற்றிலும் போட வேண்டாம்.

சூடாக்கியவுடன் பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கிளறி, விரைவாக ஆற்றி, சுத்தமான புட்டிகளில் நிரப்பிக் குளிரில் வையுங்கள். இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் காற்றிலிருந்து விழும் ஈஸ்ட் அங்கே பெருகத் தொடங்கிவிடும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பழச்சாறே வேண்டாம் என்றும், 1 முதல் 3 வயது வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. பிழியும் வேலையில் பங்கெடுத்த பிள்ளைக்கு ஒரு சிறு குவளையே நிறைவான பரிசாக இருக்கும்.

சேமித்தல்

சூடாக்கிய சாறு 4 பாகைக்குக் குறைவான குளிரில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஓர் இரவு அசையாமல் வைத்தால் அடியில் வண்டல் படியும். அது பழத்தின் சதையும், அதிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளும்தான். தெளிந்த சாறு வேண்டுமென்றால் மேலிருப்பதை மெல்ல வேறு புட்டிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் குலுக்கிக் குடியுங்கள். எனக்குக் கலங்கலான சாறே பிடிக்கும். அதில்தான் பழத்தின் உடல் இருக்கிறது.

நீண்ட நாள்களுக்கு ஃப்ரீசர்தான் எளிது. உறையும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், புட்டியின் கழுத்துவரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே இடம் விடவேண்டும். கழுத்துக் குறுகிய கண்ணாடிப் புட்டிகள் வெடிக்கும். பிளாஸ்டிக் கலன்களே ஏற்றவை. எட்டு மாதம், பத்து மாதம் வரை சுவை குறையாமல் இருக்கும். வெளியலமாரியில் வைக்க விரும்பினால், சாற்றைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, பதப்படுத்தலுக்கென்றே உள்ள சூடான கண்ணாடிச் சாடிகளில் மேலே 6 மில்லிமீட்டர் இடம் விட்டு நிரப்பி, மூடி, கொதிநீரில் முழுவதும் மூழ்க வைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு உட்பட்ட சாடிகளுக்குக் கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் 5 நிமிடம், 300 முதல் 1,800 மீட்டர் வரையான உயரங்களில் 10 நிமிடம், அதற்கும் மேலே 15 நிமிடம்.

சூடாக்காத சாற்றை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் அறைவெப்பத்தில் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஈஸ்ட் உண்டாக்கும் வாயு உள்ளே அழுத்தமேறிப் புட்டியைச் சிதறடிக்கும். குளிரில் வைத்த புட்டியும் உப்பியிருந்தால், அல்லது திறக்கும்போது சீறினால், புளிப்பு தொடங்கிவிட்டது என்று கொண்டு அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

சக்கையும் கழுவலும்

20 கிலோ பழம் பிழிந்தால் 8 கிலோவுக்குக் குறையாத சக்கை மிஞ்சும். அதில் பெக்டின் நிறைந்திருப்பதால், தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்தால் ஜெல்லிக்கு நல்ல அடிப்படை கிடைக்கும். ஆனால் அன்றே செய்துவிட வேண்டும். மீதியை உரக்குழியில் காய்ந்த இலைகளோடு மாற்றி மாற்றிப் பரப்புங்கள். ஒரே குவியலாகக் கொட்டினால் காற்றுப் புகாமல் புளித்து நாறும். கோழிக்கும் ஆட்டுக்கும் கொஞ்சமாகக் கொடுக்கலாம், புளித்துப்போனதைக் கொடுக்கக் கூடாது.

பிழிபொறியைச் சாறு காய்வதற்குள் கழுவிவிடுங்கள். காய்ந்தபின் அந்தச் சர்க்கரைப் பசை மரச்சட்டங்களின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டு பூஞ்சணத்துக்கு இடமாகிவிடும். முதலில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி அடித்து, பிறகு வெந்நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து, மரப்பாகங்களை நேரடி வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் முற்றிலும் உலர விடுங்கள். கடும் வெயிலில் அவை வெடித்துப்போகும். துணிகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, நார் ஒன்றும் தங்காமல் அலசி, கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்துக் காயவையுங்கள். திருகின் மரைகளில் உணவுக்கேற்ற எண்ணெயை மெல்லியதாகத் தடவி, பொறியை மூடி வைத்தால் அடுத்த பருவத்துக்குத் துருவில்லாமல் இருக்கும். எந்த வகைப் பழம் எத்தனை கிலோ கலந்தீர்கள், எவ்வளவு சாறு வந்தது, சுவையில் எது கூடியிருந்தது, எது குறைந்திருந்தது என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, அந்தப் பொறியோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.